கரையில் போன குளிர் கடலில் திரும்பாது

தென்னாப்பிரிக்கத் துறைமுக நகரான டர்பனின் ப்ளஃப் மேட்டில் நின்று பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான்: துறைமுக வாய்க்கு வெளியே நங்கூரமிட்டு, உள்ளே வர முறை பார்த்து நிற்கும் கப்பல்கள். 2023 நவம்பரில் அந்த வரிசை டஜன் கணக்கில் நீண்டது. இத்தகைய நெரிசல் வரும்போதெல்லாம் பழ ஏற்றுமதியாளர்கள் பதறுகிறார்கள். டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அந்தச் செய்தியைப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. பழம் இருப்பது குளிர்சாதனப் பெட்டிக்குள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஆரஞ்சு வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் என்ன குடி முழுகிவிடும்?

அந்தப் பெட்டியை ஃப்ரிட்ஜ் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பெட்டி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

பழமும் மீனும் இறைச்சியும் போகும் கொள்கலனை ரீஃபர் என்பார்கள். பெரும்பாலும் 40 அடி நீளம். ஒரு முனையில் குளிரூட்டும் இயந்திரம், மறுமுனையில் கதவு, சுவர்களுக்குள் வெப்பம் புகாத நுரைப் பூச்சு. தரையில் நீளவாக்கில் ‘டி’ வடிவ அலுமினியச் சட்டங்கள் ஓடும். இயந்திரம் குளிர்ந்த காற்றை அந்தச் சட்டங்களின் இடுக்குகளில் தள்ளுகிறது. காற்று அடியிலிருந்து சரக்கின் ஊடே மேலேறி, கூரையை ஒட்டி இயந்திரத்துக்கே திரும்புகிறது. உள்சுவரின் மேற்பகுதியில் ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி அட்டைப்பெட்டி அடுக்கினால் காற்று திரும்பும் வழி அடைபடும்.

ஆரஞ்சு என்றால் இதற்குள் 20 பேலட் (பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு) போகும். ஒரு பேலட்டில் 15 கிலோ அட்டைப்பெட்டிகள் 80. மொத்தம் 1,600 பெட்டி, 24 டன் பழம்.

இந்த இயந்திரத்தின் திறன், சுவர் வழியே கசிந்து வரும் வெப்பத்தையும் பழம் தானே வெளிவிடும் வெப்பத்தையும் வெளியேற்றும் அளவுக்குத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. தோட்டத்து வெயிலில் 25 டிகிரியில் இருக்கும் 24 டன் பழத்தை 4 டிகிரிக்கு இறக்குவது அதன் வேலை அல்ல. வலிந்து செய்ய வைத்தால் செய்யும். ஆனால் நாள்கள் ஆகும். தரையோரப் பெட்டிகள் குளிர்ந்துவிட, நடுப் பேலட்டின் நெஞ்சில் இருக்கும் பழம் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பிளாஸ்க் காப்பியைச் சூடாக்குவதில்லை. ஊற்றியபோது இருந்த சூட்டைக் காக்கிறது, அவ்வளவே. ரீஃபரும் அப்படித்தான். குளிரை உண்டாக்க வேண்டிய இடம் கரையில் உள்ள குளிர்கிடங்கு. அங்கே பலத்த குளிர்காற்றைப் பேலட்டுகளுக்குள் இழுத்துச் செலுத்தி, பழத்தின் சதை வரைக்கும் குளிரவைத்த பிறகே பெட்டியில் ஏற்ற வேண்டும்.

மூச்சு விடும் சரக்கும் விடாத சரக்கும்

‘ஃப்ரெஷ்’, ‘ஃப்ரோசன்’ என்று கடையில் பிரித்து வைக்கும் இரண்டும் கப்பலில் முற்றிலும் வேறு பிராணிகள்.

பறித்த பிறகும் பழம் உயிருடன் இருக்கிறது. ஆக்சிஜனை உள்ளிழுத்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஆகவே பெட்டியில் சிறு காற்றுத் துவாரம் ஒன்றைத் தேவையான அளவு திறந்து வைக்கிறார்கள். குளிர்காற்று சரக்கைச் சுற்றி ஓடினால் போதாது. ஊடுருவி ஓட வேண்டும். அட்டைப்பெட்டிகளில் துளைகள் இருப்பது அதற்காகவே. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது துளைகள் நேருக்கு நேர் அமையாவிட்டால், என்ன விலை கொடுத்த இயந்திரமும் பயனில்லை.

ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு குளிர் உண்டு. திராட்சையும் ஆப்பிளும் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே சுகமாகப் பயணம் செய்யும். வாழைக்காயை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும், பிறகு பழுக்காது. எலுமிச்சைக்கும் அதிகக் குளிர் ஆகாது. தோலில் குழிகள் விழும். வாழையும் ஆப்பிளும் ஒரே பெட்டியில் போக முடியாததற்கு வெப்பநிலை மட்டும் காரணமில்லை. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அருகில் உள்ள வாழையைப் பழுக்க வைத்துவிடும். நம் ஊரில் அரிசிப் பானைக்குள் மாம்பழத்தை மூடிவைத்துப் பழுக்க வைப்பதும் இதே எத்திலீனின் கைங்கரியம்தான். வீட்டில் பாட்டி விரும்பிச் செய்ததைப் பெட்டிக்குள் யாரும் விரும்புவதில்லை.

உறைந்த சரக்கு மூச்சு விடாது. காற்று அதைச் சுற்றி ஓடினாலே போதும். இடைவெளியின்றி இறுக்கி அடுக்கலாம், துவாரத்தை மூடிவிடலாம். மைனஸ் 18 டிகிரி என்பது உலக வழக்கம். அந்த எண்ணில் பெரிய இயற்பியல் ரகசியம் எதுவும் இல்லை. ஃபாரன்ஹீட் அளவில் அது பூஜ்யம், அதனால் நிலைத்துவிட்ட எண். அதை மைனஸ் 15 ஆக்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று 2023 முதல் சில கப்பல், கிடங்கு நிறுவனங்கள் கூட்டாக வாதிட்டு வருகின்றன. கல்லாய் உறைந்த 20 டன்னுக்கும் மேற்பட்ட மீன், மின்சாரம் சில மணி நேரம் நின்றாலும் தன் குளிரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். திராட்சைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

குளிர் இல்லாத காலத்தில் கடல் தாண்டிய உணவு எதுவென்று டர்பன் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தபோது, ஏறக்குறைய ஐந்து வாரப் பயணத்துக்கான சாப்பாடு அரிசி, பருப்பு போன்ற உலர்ந்த பொருள்கள்தான். பின்னர் டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரித் தீவில் குடியேறிய இந்திய மீனவர்கள் மீனை உப்பிட்டுக் காயவைத்து விற்றார்கள். அந்தத் தீவை ஒட்டித்தான் இன்று முதலாம் பியர் கன்டெய்னர் முனையம் நிற்கிறது. கேப் பகுதியிலிருந்து குளிரூட்டிய பீச் பழம் இங்கிலாந்துக்கு நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தது 1892-ல், ட்ரம்மண்ட் காசில் என்ற கப்பலில். தென்னாப்பிரிக்கப் பழ ஏற்றுமதியின் கதையை அங்கிருந்து தொடங்குவது வழக்கம்.

குளிர் தொலையும் இடங்கள்

லிம்போப்போ மாகாணத்துத் தோட்டம் ஒன்றில் பறித்த வலென்சியா ஆரஞ்சு, ராட்டர்டாம் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் சிக்கல் எங்கே என்று தெரியும்.

1. தோட்டத்தை அடுத்த பேக்ஹவுசில் பழம் கழுவி, மெழுகு பூசி, தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடைக்கப்படுகிறது. இதுவரை குளிர் என்ற பேச்சே இல்லை.

2. பெரும்பாலும் திரைபோட்ட சாதாரண லாரியில் பேலட்டுகள் டர்பனுக்கு வருகின்றன. ஏறக்குறைய 900 கிலோமீட்டர். தோட்டத்திலேயே ரீஃபரில் ஏற்றினால் வழி நெடுக மின்சாரம் வேண்டும். அதற்காகப் பெட்டியின் முகப்பில் மாட்டும் டீசல் ஜெனரேட்டர் உண்டு. டீசல் தீர்ந்தால் அதுவும் வெறும் பெட்டி.

3. துறைமுகத்தை அடுத்த குளிர்கிடங்கில் பழம் குளிர்விக்கப்பட்டு ரீஃபரில் ஏறுகிறது. இந்தப் பயணத்தின் தலையெழுத்து எழுதப்படுவது இங்கேதான்.

4. அங்கிருந்து பேஹெட் சாலை வழியாக இரண்டாம் பியர் கன்டெய்னர் முனையத்துக்கு. தொலைவு சில கிலோமீட்டர். நேரமோ சில சமயம் அரை நாள். கிளேர்வுட்டில் வசிப்பவர்களிடம் இதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோட்டக்காரக் குடும்பங்களும் கோயில்களுமாக இருந்த அந்தப் பகுதியின் தெருக்களில் கன்டெய்னர் லாரிகள் வீட்டு வாசல் வரை வந்து நிற்கின்றன.

5. முனையத்தில் பெட்டியின் பிளக்கை மின்இணைப்பில் செருக வேண்டும். கப்பலில் ஏற்றும்போது பிடுங்கி, மேலே போனதும் மறுபடி செருக வேண்டும். செருகுவதும் பிடுங்குவதும் மனிதக் கைதான்.

6. கடல்.

ஆறாவதுக்கு விளக்கம் எழுதவில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. கப்பலில் மின்சாரம் தடைபடுவது அரிது. பெட்டி தன் வெப்பநிலையைத் தானே பதிவு செய்கிறது. ஊழியர் தினமும் சரிபார்க்கிறார். பழத்துக்கு மூன்று நான்கு வாரக் கடற்பயணத்தைவிட, அதற்கு முந்திய மூன்று நான்கு நாள்தான் ஆபத்து. செய்தியாளர்கள் கப்பலையே படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது லாரி வரிசையை.

தாமதம் முன்னோக்கி மட்டும் நகர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும், பின்னோக்கியும் போகும். ஒவ்வொரு கப்பலுக்கும் முனையம் பெட்டிகளை ஏற்றுக்கொள்ளும் நாள்கள் குறிக்கப்பட்டிருக்கும். கப்பல் தள்ளிப்போனால் அந்த நாளும் தள்ளிப்போகும். நிரம்பிய ரீஃபர் கிடங்கை விட்டு நகராது. கிடங்கு நிரம்பி வழியும். லாரி வெளியே வெயிலில் நிற்கும். பேக்ஹவுஸ் பெட்டி அடைப்பதை நிறுத்தும். தோட்டத்தில் பறிப்பு நிற்கும். மரத்தில் இருக்கும் பழம் பழுப்பதை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. டர்பன் கடலில் காத்திருக்கும் கப்பலுக்கான விலையை 900 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மரம் கொடுக்கிறது.

காற்று, வெள்ளம், மின்வெட்டு

கேப் டவுனில் கோடைத் தென்கிழக்குக் காற்று வலுத்தால் கிரேன்கள் நின்றுவிடும். திராட்சை, பிளம், பீச் ஏற்றுமதியாகும் உச்சக் காலமும் அதே டிசம்பர், ஜனவரிதான். காற்றை யாரும் குறை சொல்ல முடியாது. காற்று ஓய்ந்த மணிநேரங்களில் வேகமாக வேலை பார்க்கப் போதுமான, பழுதில்லாத கருவிகள் இல்லாததைக் குறை சொல்லலாம். உலக வங்கி 2023-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட கன்டெய்னர் துறைமுகத் தரவரிசையில் 405 துறைமுகங்களில் கேப் டவுன் 405-ஆவது. டர்பனும் பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருந்தது.

டர்பனின் இன்னல்கள் வேறு. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனை ஜோகன்னஸ்பர்க்கோடு இணைக்கும் என்3 நெடுஞ்சாலை அடைபட்டது. அதே மாதம் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகின. இரண்டும் ஆரஞ்சுப் பருவத்தின் நட்டநடுவில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கன்டெய்னர்கள் மிதந்து போய்ச் சாலையில் குவிந்தன, பேஹெட் சாலை சேதமடைந்தது. 2023-ல் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மின்வெட்டு இருந்தது. குளிர்கிடங்குகள் டீசலில் ஓடின.

ஒரு புழுவும் மூன்று வாரக் குளிரும்

இதுவரை சொன்னது பழம் கெடாமல் இருப்பதற்கான குளிர். ஆரஞ்சு விஷயத்தில் இன்னொரு குளிரும் உண்டு. செய்திகளில் அதிகம் குழப்புவது அதுதான்.

ஃபால்ஸ் கோட்லிங் மாத் என்ற அந்துப்பூச்சி சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதன் புழு ஆரஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஊசிமுனைத் துளை மட்டும். ஸ்பெயின் போன்ற நாடுகளின் தோப்புகளில் இது பரவிவிடும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அச்சம். புழுவைக் கொல்ல மருந்து அடிக்காத வழி ஒன்று உண்டு: நீண்ட குளிர். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் தொடர்ந்து மூன்று வாரம் போல வைத்தால் புழு செத்துவிடும். அமெரிக்காவும் சீனாவும் நெடுங்காலமாக இதைக் கேட்டு வருகின்றன. கடற்பயணத்தின் நாள்களையே சிகிச்சை நாள்களாகக் கணக்கிடுவதால் தனியாக நேரம் செலவில்லை.

2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் ஆரஞ்சுக்குக் கட்டாயக் குளிர் விதியை அறிவித்தது. ஜூலை 14 முதல் அமல். பருவம் பாதி நடந்துகொண்டிருந்தது. பழம் ஏற்றிய பெட்டிகள் நடுக்கடலில் இருந்தன. கரையில் எழுதிய சான்றிதழ்கள் பழைய விதிப்படி. இறங்கிய துறைமுகத்தில் புதிய விதி. நல்ல பழம் இருந்த பெட்டிகள் காகிதத்துக்காக ஐரோப்பியத் துறைமுகங்களில் வாரக்கணக்கில் நின்றன. புதிய சான்றிதழ்கள் தயாரித்து அனுப்பிய பிறகே அவை விடுவிக்கப்பட்டன. நின்ற ஒவ்வொரு நாளும் பழத்தின் ஆயுளில் கழிந்தது.

இந்த விதியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கா அதே ஜூலையில் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. தோலில் கறுப்புப் புள்ளி விழும் பூஞ்சை நோய் தொடர்பான விதியை எதிர்த்து 2024 ஏப்ரலில் இரண்டாவது வழக்கு. புள்ளி விழுந்த பழம் தின்னக் கெடுதல் இல்லை. விற்பனைக்குப் போகும் பழத்திலிருந்து நோய் தோப்புக்குப் பரவாது என்பது தென்னாப்பிரிக்காவின் வாதம், பரவலாம் என்பது ஐரோப்பாவின் வாதம். ஸ்பெயினைப் போலவே உலகில் மிக அதிகம் சிட்ரஸ் (ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழங்கள்) ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா. வழக்கின் ஒரு பக்கம் பூச்சியியல், மறுபக்கம் போட்டி. இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் சற்றுச் சந்தேகத்துடன் கேட்பது நல்லது.

நடைமுறைச் சிக்கல் இங்கேதான் முதல் பகுதியோடு வந்து சேர்கிறது:

1. சிகிச்சைக் கணக்கு பழத்தின் சதைக்குள் குத்திய வெப்பமானிகளைப் பார்த்து ஓடுகிறது, காற்றின் வெப்பநிலையைப் பார்த்து அல்ல.

2. பழம் வெதுவெதுப்பாக ஏறினால் முதல் சில நாள் கணக்கிலேயே வராது.

3. இடையில் வரம்பைத் தாண்டினால் அதுவரை சேர்ந்த நாள்கள் வீணாகலாம்.

4. சில ஆரஞ்சு வகைகள் அவ்வளவு குளிரைத் தாங்காமல் தோல் கெடும். புழு செத்துப் பழமும் விற்காமல் போகும்.

ஆகவே இந்த விதி கேட்பது குளிர்ந்த கப்பலை அல்ல, கரையில் கூடுதல் குளிர்கிடங்குகளை. கிடங்கு கட்டப் பணம் உள்ள பெரிய தோட்டம் தப்பிக்கும். வாடகைக் கிடங்கில் இடத்துக்காக வரிசையில் நிற்கும் சிறு விவசாயி முதலில் அடிபடுவார்.

நம் அடுப்பங்கரைக்கு வருவது

எதிர்த்திசையிலும் ரீஃபர்கள் வருகின்றன. டர்பன் வீடுகளின் டின் மீன் கறிக்கு ஆதாரமான பில்சார்ட் மீனில் கணிசமானது வெளிநாடுகளிலிருந்து உறைந்த நிலையில் வந்து, இங்கே டின்னில் அடைபடுகிறது. பாலோனி என்ற சாசேஜுக்கு அரைக்கும் கோழி இறைச்சி பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வருகிறது. 2025 மே மாதம் பிரேசிலில் பறவைக் காய்ச்சல் கண்டதும் தென்னாப்பிரிக்கா இறக்குமதியை நிறுத்தியபோது, பாலோனி இனி கிடைக்குமா என்ற பேச்சு எழுந்தது அதனால்தான். உறைந்த பரோட்டாவும் துருவிய தேங்காயும் இந்தியாவிலிருந்து வருகின்றன.

இதில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், ‘செங்கடல் பிரச்சினையால் பரோட்டா விலை ஏறிவிட்டது’ என்று பேசப்பட்டது. இந்தியாவிலிருந்து டர்பன் வரும் கப்பல் செங்கடல் பக்கமே போவதில்லை; நேராக இந்தியப் பெருங்கடலைக் கடக்கிறது. பாதிப்பு வந்தது சுற்றுவழியில். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதும் ஒவ்வொரு பயணமும் நீண்டது. அதே எண்ணிக்கைப் பெட்டிகள் கூடுதல் நாள் கடலில் மாட்டிக்கொண்டன. தேவைப்படும் துறைமுகத்தில் காலிப் பெட்டி கிடைக்காமல் வாடகை ஏறியது.

காலிப் பெட்டி தென்னாப்பிரிக்காவுக்கு எப்போதும் உள்ள தலைவலி. பழப் பருவத்தில் வெளியே போகும் ரீஃபர்கள் மிகுதி. உறைந்த சரக்கு ஏற்றி உள்ளே வருபவை குறைவு. பல ரீஃபர்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சாதாரணச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து சேர்கின்றன. பிறகு அவற்றைக் கழுவி, இயந்திரத்தைச் சோதித்து, ஆரஞ்சுக்குத் தயாராக்குகிறார்கள்.

கெட்டால் யார் கணக்கில்?

கப்பல் நிறுவனம் பொறுப்பேற்பது ஒப்பந்தத்தில் எழுதிய வெப்பநிலையில் காற்றை அனுப்புவதற்கு. பழத்தின் சதை வெப்பநிலைக்கு அல்ல. அதன் பதிவேட்டில் காற்று சரியாக இருந்தால், வெதுவெதுப்பாக ஏற்றியது ஏற்றியவர் குற்றம். முனையத்தில் குறித்த நாளுக்கு மேல் பெட்டி கிடந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் தனி.

மற்ற வணிகங்களில் இல்லாத ஒரு வழக்கம் பழத்தில் உண்டு. ஏராளமான பழம் விலை பேசாமலே கப்பல் ஏறுகிறது. ஐரோப்பியச் சந்தையில் விற்ற பிறகு வாடகை, கமிஷன், கிடங்குச் செலவு எல்லாம் கழித்து மிச்சம் தோட்டக்காரருக்கு வரும். கழித்தபின் பூஜ்யத்துக்குக் கீழே போய், தோட்டக்காரரே கடன்படுவதும் உண்டு.

உறைந்த உணவில் நஷ்டம் வேறு மாதிரி மறைகிறது. இடையில் உருகிய மீனும் வெண்டைக்காயும் மறுபடி உறைந்துவிடுவதால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் உருகும்போது கசிந்த நீர் பைக்குள் பனித்தூளாகப் படிந்திருக்கும். தனித்தனியாக உருள வேண்டிய பட்டாணி ஒரே கட்டியாக ஒட்டியிருக்கும். புரட்டாசி மாதத்தில் இறைச்சியை விட்டு உறைந்த காய்கறிப் பைகளைத் தேடும்போது, வாங்குமுன் கையில் எடுத்து ஒருமுறை குலுக்கிப் பாருங்கள்.